ஆரம்பம் தெரியாத கேசட்

வெள்ளிக்கிழமை காலையில் என் கைப்பேசிக்கு ஒரு பட்டியல் வந்துவிடும். அந்த வாரம் உலகத்தில் எங்கெங்கோ வெளியான கருவியிசைத் தொகுப்புகளின் பட்டியல் அது. பாட்டு கிடையாது, தாளமும் பெரும்பாலும் கிடையாது. ஒருவர் பியானோவின் வயிற்றுக்குள் கம்பளித் துணியைத் திணித்து வாசித்திருப்பார். இன்னொருவர் காலி மண்டபத்தில் ஒரே ஒரு சுரத்தை நாற்பது நிமிடம் ஓடவிட்டிருப்பார். கீரை ஆய்ந்துகொண்டே நான் அவற்றைக் கேட்பேன். என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து, கிரைண்டரை நிறுத்த மறந்துவிட்டாயா என்று கேட்பார். இருபது வருடமாக இதையே கேட்கிறார், நானும் இருபது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம், முன்பு என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். இப்போது அவள் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கிறாள். இரைச்சல், விடுபடல், சுருதிப் பிசகு என எல்லாவற்றையும் மென்பொருளே கண்டுபிடித்து அரை நிமிடத்தில் அறிக்கை கொடுத்துவிடுகிறதாம். "நீங்கல்லாம் வெறும் காதை வெச்சுக்கிட்டு எப்படிக்கா பார்த்தீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றாள். சரியாகப் பார்த்த கதைகளை எழுதினால் பெருமை அடித்துக்கொள்வதாகிவிடும். அதனால் தவறவிட்ட ஒன்றை எழுதுகிறேன்.

என் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஊழியர். குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். பக்கத்து வீடு தஞ்சாவூர், எதிர்வீடு நாகர்கோவில், மாடி வீடு மதுரை. எங்கள் வீட்டையும் சேர்த்து ஒரே நாளில் நாலு ஊர்த் தமிழ் காதில் விழும். பள்ளி முடிந்து, டிப்ளமா முடிந்து, எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கேசட் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராகச் சேர்ந்தேன். கல்யாணமாகிக் கள்ளிக்குப்பத்துக்கு வந்த பிறகும் அதே வேலைதான். பயிற்சி மூன்று மாதம். நல்ல கேசட்டையும் கெட்ட கேசட்டையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். மூன்றாம் மாதம் கனவில்கூட இரைச்சல்தான் கேட்டது. அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

என் மேலதிகாரி ராகவன் சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் சீவிய பென்சில் எப்போதும் இரண்டு இருக்கும். உரக்கப் பேசினால் தன் காதே தனக்குக் களைத்துவிடும் என்று நம்பியவர், அதனால் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்தால்தான் அவர் பேசுவது கேட்கும். கேட்கும் அறைக்குள் ஜிமிக்கி கூடாது, கண்ணாடி வளையல் கூடாது. சாப்பிட்டவுடன் ஹெட்போன் மாட்டக் கூடாது, மென்ற தாடை அடங்கக் கால் மணி நேரம் ஆகும் என்பார். காலையில் வந்ததும் கேசட் எதுவும் போடாமல் வெறும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். முதல் வாரம் எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பிறகு அந்த ஐந்து நிமிடத்தில் என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அதைச் சொன்னபோது, அதைக் கழித்துவிட்டு மற்றதை எழுதச் சொன்னார்.

எங்களிடம் ஒரு கேசட் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவே மாட்டார். ஒருமுறை நான், "நல்லா இல்ல சார்" என்று சொல்லிவிட்டேன்.

"நல்லா இருக்கான்னு நான் கேக்கலையேம்மா. என்ன கேட்டுதுன்னு சொல்லுங்க."

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நல்லது கெட்டது என்ற சொற்களை நான் எடுத்ததில்லை.

வேலை முறை இதுதான். இசைக் கம்பெனிகள் தங்கள் மூலப் பதிவான மாஸ்டர் நாடாவை எங்களிடம் கொடுப்பார்கள். அதிலிருந்து பெரிய வட்டச் சுருள்களில் வரிசையாகப் பிரதி எடுப்போம். ஒரு சுருளில் ஒரே தொகுப்பு இருபத்தைந்து தடவை, ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகியிருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அந்தச் சுருளுக்குப் பான்கேக் என்று பேர் வைத்திருந்தார்கள், எங்கள் ஷெட்டில் அதற்குத் தோசை என்று பேர். தோசையை லோடர் என்ற இயந்திரத்தில் மாட்டினால், அது காலிக் கேசட்டுக்குள் நாடாவை மின்னல் வேகத்தில் சுற்றும். ஒரு தொகுப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், மனிதக் காதுக்கு எட்டாத அளவு தணிந்த ஓர் ஒலியைப் பதிந்திருப்பார்கள். அதற்குக் கட் டோன் என்று பெயர். லோடர் அதைக் கண்டதும் நாடாவை வெட்டி, ஒட்டி, கேசட்டை வெளியே தள்ளும். உடனே அடுத்த காலிக் கேசட் உள்ளே போகும். லோடரில் நிற்கிற பெண்ணுக்கு இசை எதுவும் கேட்காது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நாடா ஓடுகிற சீறலும் வெட்டுகிற 'டக்'கும்தான்.

அப்படி வந்த கேசட்டுகளில் ஐம்பதுக்கு ஒன்றை எடுத்து நான் கேட்பேன். முழுதாகக் கேட்க நேரம் கிடையாது. ஆரம்பம் ஒரு நிமிடம், நடுவில் ஒரு நிமிடம், கடைசி ஒரு நிமிடம், திருப்பிப் போட்டு மறுபக்கமும் அப்படியே. ஆரம்பம் சரியா என்று பார்க்க ஓர் அட்டை உண்டு. மாஸ்டர் நாடாவின் முதல் பத்து விநாடியைக் கேட்டு அதில் குறித்துவைப்போம். 'தம்புரா, பிறகு வயலின்' என்றோ 'மணி மூன்று தடவை, பிறகு ஆண் குரல்' என்றோ எழுதியிருக்கும். கேசட் அதேபோலத் தொடங்கினால் ஒரு டிக்.

எண்பதுகளின் கடைசியில், நகரத்துக்குள் இருந்த ஒரு சிறிய இசைக் கம்பெனி புதுமாதிரியான வரிசை ஒன்றை வெளியிட ஆரம்பித்தது. மாதம் ஒன்றிரண்டு வரும். பாட்டு இல்லை, ராகம் என்று பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரர்கள் அதைச் சூழல் இசை என்றார்கள், எங்கள் ஷெட்டில் அதை ஃபேன் சத்தம் என்றார்கள். முதல் கேசட் வந்த அன்று நான் என் படிவத்தில் இருந்த அத்தனை கட்டங்களையும் நிரப்பினேன்: இரைச்சல் உண்டு, ரீங்காரம் உண்டு, ஒலி ஏறி இறங்குகிறது, நடுவில் நாலு விநாடி ஒன்றுமே இல்லை. மொத்தத்தையும் நிராகரித்துக் கையெழுத்துப் போட்டு ராகவன் சார் முன்னால் வைத்தேன். அவர் மாஸ்டரைப் போட்டுக் கேட்டார். நான் எழுதிய எல்லாக் கோளாறுகளும் மாஸ்டரிலேயே இருந்தன.

மாஸ்டரில் இருந்தால் அது அவர்களுடையது, இல்லாததை நாம் சேர்த்திருந்தால்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து ஓர் ஆர்வமும் பிடித்துக்கொண்டது. இத்தனை நாளும் எதைக் கேட்டால் குப்பையில் போடச் சம்பளம் வாங்கினேனோ, அதையே ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, வேண்டுமென்றே பண்ணியிருக்கிறார். எதற்கு? அந்த வரிசையில் எது புதிதாக வந்தாலும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றப் பெண்கள் மகிழ்ச்சியோடு என் தலையில் கட்டிவிட்டுப் பக்திப் பாட்டுக்குப் போனார்கள்.

அந்த வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ வந்ததுதான் சாமுவேல் என்பவருடைய கேசட். அவர் ஆவடியில் ஒரு பட்டறையில் வயர்லெஸ் கருவிகள் பழுது பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஐந்நூறு பிரதி. மாஸ்டரின் முதல் பத்து விநாடியைக் கேட்டு அட்டையில் நான்தான் எழுதினேன்: 'தணிந்த ரீங்காரம்.' வேறு என்ன எழுதுவது? அதுதான் கேட்டது.

அந்த லோடரில் அப்போது ஸ்டெல்லா இருந்தாள். கரையான்சாவடிப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். அப்பா இல்லை, அம்மா பூந்தமல்லியில் தையல் கடை ஒன்றில் வேலை செய்தார். ஸ்டெல்லா இரண்டு வருடமாகத் தற்காலிகம். அந்த மாதம்தான் அவள் பெயர் நிரந்தரப் பட்டியலில் இருந்தது. பெர்மனென்ட் ஆனால் மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். எங்கள் எல்லோருக்கும் பிரியாணி போடுவதாகவும் சொல்லியிருந்தாள், அதனால் ஷெட்டே அவளுக்காக வேண்டிக்கொண்டிருந்தது.

சாமுவேலின் கேசட்டை அவள் ஓட்டிய அன்று அவளுடைய எண்ணிக்கை இரண்டு மடங்காக ஏறிவிட்டது. ஒரு தோசைக்கு இருபத்தைந்து கேசட் வர வேண்டிய இடத்தில் ஐம்பது வந்தது. ஐந்நூறும் மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, பாதித் தோசைகள் அப்படியே அலமாரியில் மிச்சம். உற்பத்தி மேலாளர் தாமோதரன் வந்து, எல்லோருக்கும் எதிரில் அவளை மெச்சினார். இப்படி ஒரு கை இருந்தால் போதும் என்றார். சுருள் மிச்சமாகிறதே என்று அவர் கேட்கவில்லை. சின்னக் கேசட் போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஸ்டெல்லாவும் கேட்கவில்லை. அப்போது அளவு குறைந்த கேசட்டுகளும் நிறைய வரும். கேசட்டின் ஓடு முழுக் கறுப்பு, கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் கேட்டிருந்தார்கள். உள்ளே எவ்வளவு நாடா என்று வெளியிலிருந்து தெரியாது.

நான் பத்துக் கேசட்டை எடுத்துக் கேட்டேன். ஆரம்பம்: தணிந்த ரீங்காரம். டிக். நடு: தணிந்த ரீங்காரம். கடைசி: அதுவே. நாலாவது கேசட்டில் ஆரம்பம் கொஞ்சம் சட்டென்று எடுப்பது போல இருந்தது. கதவைத் திறந்து பாதிப் பேச்சுக்குள் நுழைந்த மாதிரி. இந்த மாதிரி இசையில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்துக்கும் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாமுவேலே வந்தார். காக்கிச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை, அதில் ஆறு கேசட். யாரையும் குறை சொல்லவில்லை. தன் இசை பக்கத்துக்கு அரைமணி நேரம் என்றும், இதில் மூன்று கேசட் பன்னிரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றும், மற்ற மூன்று அந்தப் பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் தொடங்குகிறது என்றும் சொன்னார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதாலேயே எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது.

தாமோதரன் சார் கணக்கை உடனே போட்டுவிட்டார். லோடரில், அவசரத்துக்கு நாடாவைக் கையால் வெட்ட ஒரு பொத்தான் உண்டு. பெர்மனென்ட் ஆக வேண்டும், எண்ணிக்கை காட்ட வேண்டும், அதனால் பொத்தானை அமுக்கி ஒன்றை இரண்டாக்கிவிட்டாள் இந்தப் பெண். போன வாரம் மெச்சிய அதே வாயால் இப்போது திருட்டு என்ற சொல்லைச் சொன்னார். அன்று மாலையே ஸ்டெல்லாவுக்கு மெமோ. வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை லோடரைத் தொடக் கூடாது. விசாரணையில் குற்றம் என்று ஆனால் நிரந்தரம் இல்லை, வேலையே இல்லை. எஸ்டேட்டில் வேறு எந்தத் தொழிற்சாலை வாசலிலும் அந்தப் பெயரோடு நுழைய முடியாது.

ராகவன் சார் என்னைக் கூப்பிட்டார். நான் அந்தக் கேசட்டுகளைக் கேட்டேனா என்றார். கேட்டேன், ஆரம்பம் அட்டைப்படி இருந்தது என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போதே நாலாவது கேசட்டின் ஞாபகம் எனக்கு வந்துவிட்டது. அந்த அட்டையை வைத்து ஆரம்பத்தையும் நடுவையும் யாராலும் பிரிக்க முடியாது என்பதும் அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் எனக்கும் ஒன்று வரவிருந்தது. பிரிவுப் பொறுப்பாளர் பதவிக்கு ராகவன் சார் என் பெயரைத்தான் எழுதியிருந்தார்.

புதன்கிழமையும் நான் பேசவில்லை. ஸ்டெல்லா, வருகை பதிகிற டைம் ஆபீஸ் வாசலில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள், மடியில் டிபன் டப்பா. நான் தண்ணீர் பிடிக்கப் போகிறபோது எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"சுசீக்கா, நீ கேட்டுகினுதான கையெழுத்துப் போட்ட? அது நல்லாத்தான கீது? நான் எதுவும் பண்லக்கா. மாதா மேல சத்தியமா அந்தப் பொத்தானை நான் தொடவே இல்ல."

எனக்குத் தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினேன். அவள் அதையே பெரிய ஆறுதலாக எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். இப்போதும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் கேட்கும் அறைக்குப் போனேன். சாமுவேலின் மாஸ்டரைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முழுவதும் கேட்டேன். அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்து ஒரு பக்கத்தை இடைவிடாமல் முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பாதிக் காரணம் குற்ற உணர்ச்சி. மீதிப் பாதி, மறைப்பானேன், அதில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

முதல் ஐந்து நிமிடம் ரீங்காரம்தான். பிறகு அந்த ரீங்காரத்துக்குள் இரண்டு இருப்பது தெரிந்தது. ஒன்று அப்படியே நிற்கிறது, மற்றொன்று மயிரிழை மயிரிழையாக மேலே ஏறுகிறது. இரண்டும் விலக விலக நடுவில் ஒரு துடிப்பு பிறந்தது. யாரும் வாசிக்காத தாளம், இரண்டு சுரம் உரசியே உண்டாகிற தாளம். எட்டாவது நிமிடம் கொஞ்ச நேரம் மழை வந்தது. ஓட்டின் மேல் விழுகிற மழை, அது எங்கள் குவார்ட்டர்ஸ் ஓடேதான். பன்னிரண்டாவது நிமிடத்தில் மற்றதெல்லாம் அடங்கி, தொடக்கத்து ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. வேறு ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ஹெட்போனின் பஞ்சு என் காதோரம் லேசாக நடுங்கியது.

அந்த நடுக்கம் எனக்குப் பழக்கமானது. சின்ன வயதில், தொழிற்சாலைச் சோதனைத் திடலில் டாங்கி ஓட்டிப் பார்க்கிற நாட்களில், தூரத்தில் எங்கோ இன்ஜின் உறுமும். சத்தம் எங்களை எட்டாது. ஆனால் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கும். அம்மா போய் அவற்றைத் தள்ளித் தள்ளி வைப்பாள். காதுக்கு எட்டாத சத்தம் பொருளை அசைக்கும் என்று அப்போதே எனக்குத் தெரியும். லோடர் தேடுவதும் காதுக்கு எட்டாத தணிந்த ஒலியைத்தானே!

சாமுவேல் விட்டுப்போன அரைக் கேசட்டுகளையும், கிடங்கில் இருந்த இன்னும் பத்தையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் அந்த நடுக்கத்தின் தொடக்கத்திலேயே வெட்டுப்பட்டிருந்தன. ஒரு விநாடிகூட முன்னே பின்னே இல்லை. நாடா பறக்கிற வேகத்தில் ஒரு பெண் கையால் பொத்தானை அமுக்கி, பதினாறு கேசட்டையும் ஒரே இடத்தில் வெட்டவே முடியாது. அந்த இடத்தைக் கட் டோன் என்று நினைத்து இயந்திரம்தான் வெட்டியிருக்கிறது.

ராகவன் சாரிடம் ஓடினேன். அவர் கேட்கும் அறைக்கு வந்து, வெறும் ஹெட்போனோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். அந்த அவசரத்திலும் அதை விடவில்லை. பிறகு மாஸ்டரைக் கேட்டார், கேசட்டுகளைக் கேட்டார், பென்சிலை எடுத்தார்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"இப்பதான் சார்."

"சந்தேகம் எப்ப வந்தது?"

நான் கேசட்டுகளை உறையில் போட ஆரம்பித்தேன். அவர் காத்திருந்தார். எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கக் கூடிய மனிதர் அவர்.

"செவ்வாய்க்கிழமை சார்."

அதையும் எழுதிக்கொண்டார். முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும், தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணையை ராகவன் சார் ஷெட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். தாமோதரன் சாருக்கு அதில் விருப்பமில்லை. இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தது, பக்திப் பாட்டு, நாதஸ்வரம், வீணை எல்லாம் லட்சக்கணக்கில் ஓடியிருக்கிறது, ஒரு நாளும் இப்படி வெட்டியதில்லை என்றார். அது உண்மையும்கூட. அந்தப் பாட்டு எதிலும் அவ்வளவு தணிந்த சுரம் இருந்ததில்லை. ராகவன் சார் வாதாடவில்லை. அலமாரியில் மிச்சமிருந்த தோசைகளில் ஒன்றை எடுத்து, நீங்களே ஓட்டுங்கள் என்று தாமோதரன் சாரிடம் நீட்டினார்.

அவர் ஒரு காலத்தில் லோடர் ஓட்டி, அங்கிருந்து மேலே வந்தவர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தோசையை மாட்டினார். நாடா சீறியது. ஸ்டெல்லா சுவரோரம் நின்று, இரண்டு கையாலும் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஷெட்டில் மற்ற லோடர்களை நிறுத்தியிருந்ததால் அந்த ஒரு சீறல் மட்டும் கேட்டது. டக். கேசட் வெளியே விழுந்தது, வர வேண்டிய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. அவர் கை பொத்தானுக்கு ஒரு முழம் தள்ளி இருந்ததை எல்லோரும் பார்த்தோம். இன்னொன்று, இன்னொன்று என்று ஆறு கேசட் வரை ஓட்டினார். அரை, அரை, அரை. பிறகு அவரே சுவிட்சை அணைத்தார்.

"மெஷின்தாம்பா வெட்டுது" என்றார், யாரையும் பார்க்காமல்.

பிறகு ராகவன் சார் அறிக்கையைப் படித்தார். ரீங்காரம் எத்தனை, இரைச்சல் எத்தனை என்று படிக்கிற அதே குரல். தவறு: இசையில் உள்ள தணிந்த சுரத்தை லோடர் கட் டோனாக எடுத்துக்கொண்டது. பரிசோதனையில் தப்பியதற்குக் காரணம்: ஆரம்பக் குறிப்பு போதாது, குறிப்பை எழுதியதும் கேசட்டைக் கேட்டதும் சுசீலா. சந்தேகம் வந்தது செவ்வாய், தெரிவித்தது வியாழன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டியது புதன்கிழமை என்பதை அவள் கணக்குப் போட்டுவிட்டாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

சாமுவேலுக்குச் சொல்லி அனுப்பினோம். அந்தச் சுரத்தை மாஸ்டரில் வடிகட்டிவிட்டால் இயந்திரம் சரியாக ஓடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று தாமோதரன் சார் அவரிடம் பக்குவமாகச் சொன்னார். சாமுவேல் முதலில் லோடரைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப்போய்க் காட்டினோம். குனிந்து, கட் டோனை உணரும் முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"எங்க வீட்ல யாருக்குமே அது கேக்கல சார். இது ஒண்ணுக்குத்தான் கேட்டிருக்கு."

அது அவர் ஆர்கனில் வாசித்ததில்லையாம். டாங்கிச் சோதனை நாளில் ஜன்னல் கண்ணாடியில் ஒரு பழைய ஒலிவாங்கியை ஒட்டி எடுத்ததாம். வடிகட்ட மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் மறுபடி கேட்க வாய் வரவில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் லோடரில் ஒரு சுவிட்சை வைத்துக் கொடுத்தார். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கத்தி இறங்காது. ஒவ்வொரு கேசட்டும் ஏறும்போதே அழுத்திவிட வேண்டும், உணர்முனையின் சிவப்பு விளக்கு முதல் தடவை மினுக்கினால் அது இசை. அது அணைந்ததும் விட்டுவிட வேண்டும், இரண்டாவது தடவை மினுக்கினால் அது கட் டோன். ஒரு தடவை எண்ணிக்கை தப்பினால் அந்தத் தோசையில் மீதி எல்லாம் இடம் மாறி வெட்டுப்படும். ஐந்நூறையும் ஸ்டெல்லாதான் ஓட்டினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை, ஐந்நூறையும் நான் ஒவ்வொன்றாக வேகமாகச் சுற்றி அளந்து பார்த்தேன்.

மறுமாதம் அவளுக்கு நிரந்தர ஆணை வந்தது. பிரியாணியும் வந்தது. எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாள், வேறொருத்தி கையில் கொடுத்தனுப்பினாள். பொறுப்பாளர் பதவி வேறொருவருக்குப் போனது, எனக்கு அது மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது. அதில் வருத்தமில்லை. ஸ்டெல்லா என்னோடு பேசாததுதான் முள்ளாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நான் நின்றால் அவள் நாலு அடி தள்ளி நிற்பாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை கிட்டே போய், ஏதோ பஸ் நம்பரைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஆறேழு வாரம் இருக்கும். ஒரு நாள் ஷிப்டு தொடங்கும் முன்னால் அவளே கேட்கும் அறை வாசலில் வந்து நின்றாள். கம்மலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள், எங்கள் விதி அவளுக்கும் தெரிந்திருந்தது.

"அந்த கேசட்டை எனக்குப் போட்டுக் காட்டு. நான் வெட்டுனதா சொன்னாங்களே, அது. முழுசு ஒண்ணு, நடுவுலேர்ந்து ஆரம்பிக்கிற அரை ஒண்ணு. எது எதுன்னு சொல்லாத."

ராகவன் சாரிடம் அனுமதி கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஸ்டெல்லாவை என் நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஒரு கேசட்டின் தொடக்கத்தைக் கேட்டாள், பிறகு மற்றதன் தொடக்கத்தை. திருப்பி முதலாவதைப் போடச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி இரண்டாவது. எங்கள் பரிசோதனைப் பெண்களில் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. பிறகு கையால் சைகை காட்டி, முழுக் கேசட்டை ஓடவிடச் சொன்னாள். பன்னிரண்டாவது நிமிடம் வந்தபோது ஹெட்போனின் பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பக்கம் முடிகிறவரை அசையவில்லை.

ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"எது மொதல்ல, எது நடுவுலன்னு எனக்கும் தெர்ல. மெய்யாலுமே தெர்லக்கா" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு நாளுக்குப் பிறகு அக்கா என்கிறாளே என்று நினைத்தேன். அவள் கம்மலை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"காது ஏமாந்துபோச்சு, சரி. அந்த ரெண்டு நாளு வாய்க்கு இன்னா வந்துச்சு?"

பயமாக இருந்தது என்றேன், பதவி விஷயத்தையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பரவாயில்லை என்றோ விட்டுத்தள்ளு என்றோ சொல்லவில்லை. சங்கு ஊதியதும் எழுந்து லோடருக்குப் போய்விட்டாள். மறுநாள் பத்து மணிக்கு டீக்காரர் வந்தபோது அவளிடம் இரண்டு கிளாஸ் இருந்தது. ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் குடி என்றாள்.